எந்தப் படி என்று சொல்லாத பெயர்கள்

மாருதி சுசூகி நிறுவனம் 2015-இல் நெக்ஸா என்ற பெயரில் தனி ஷோரூம்களைத் தொடங்கியபோது, அங்கே விற்கும் கார்களின் வேரியண்ட்டுகளுக்கு, அதாவது ஒரே மாடலின் விலைப் படிகளுக்கு, கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது. பலேனோ வாங்கப் போகிறவர் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை குறைந்தது சிக்மா, விலை கூடியது ஆல்ஃபா. கிரேக்க நெடுங்கணக்கில் ஆல்ஃபா முதல் எழுத்து, டெல்டா நான்காவது, ஸீட்டா ஆறாவது, சிக்மா பதினெட்டாவது. முதல் எழுத்துக்கே முதல் மரியாதை என்று எடுத்துக்கொண்டால் டெல்டா ஸீட்டாவுக்கு மேலே இருக்க வேண்டும். கடைசி எழுத்தே உச்சம் என்று எடுத்துக்கொண்டால் சிக்மா எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் வரிசை பொருந்துவதில்லை. இந்த எழுத்துகளைக் கணக்குப் பாடத்தில் படித்தவரும் படிக்காதவரும் ஷோரூமில் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். விற்பனையாளர் சொல்லும் வரிசையைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் உறவினர்களில் கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கும்போது மைலேஜும் இன்ஜினும் பிறகுதான் பேச்சில் வரும். விலைப்பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது மேல, எது கீழ?" என்பதுதான். மாடலின் பெயர் அது எந்தக் கார் என்று சொல்கிறது. அதன் பின்னால் வரும் வேரியண்ட்டின் பெயர், அந்தக் காருக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய செலவு அது. அந்தச் செலவைச் செய்பவர் பெயரைப் படித்து அதன் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியாமல் போவதை என்னால் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரே கார் இத்தனை வேரியண்ட்டுகளில் ஏன் வருகிறது என்பதற்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. உடற்கூடும் கதவுகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்க, இருக்கை உறை, திரை, அலாய் வீல், சன்ரூஃப், ஏர்பேக் என்று சிலவற்றைச் சேர்த்தும் நீக்கியும் விலைப் படிகளை உருவாக்குகிறார்கள். கீழ்ப்படியின் விலை விளம்பரத்தில் 'ஆரம்ப விலை' என்று வருகிறது. ஷோரூமுக்குள் நுழைந்தவுடன், இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்தது கிடைக்கும் என்ற பேச்சு தொடங்குகிறது. அந்தக் 'கொஞ்சம்' எங்கே போய் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி மாற்றப்பட்டபோது, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள கார்களுக்கு 13 விழுக்காடு என்றும், பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 விழுக்காடு என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு படி ஏறும்போது பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிட்டால், வரியில் மட்டுமே அரை லட்சத்துக்கு மேல் கூடிவிடும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பது இவ்வளவு பணத்தோடு தொடர்புடையது.

படிகளை உருவாக்குவது ஒன்றும் புதிய உத்தியன்று. அமெரிக்காவில் செவ்ரலே 1958-இல் தனது பெல் ஏர் வரிசையின் உச்சமாக இம்பாலாவைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே இம்பாலா தனி வரிசையாகி பெல் ஏருக்கு மேலே போய் அமர்ந்தது. 1965-இல் இம்பாலாவின் மேல் ஒரு கூடுதல் தொகுப்பாகக் கப்ரீஸ் வந்தது; 1966-இல் அதுவும் தனி வரிசையாகி இம்பாலாவைக் கீழே தள்ளியது. ஐம்பதுகளில் உச்சத்தைக் குறித்த பெல் ஏர் என்ற பெயர் படிப்படியாக இறங்கி, 1975-ஆம் ஆண்டு மாடலோடு அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது. பெயர் அப்படியே இருக்க, அதன் கீழே தரை நகர்ந்துகொண்டே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் 1970-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்டு கார்ட்டினாவில் எல், எக்ஸ்எல், ஜிடி, ஜிஎக்ஸ்எல் என்ற எழுத்துகள் இருந்தன. நிறுவனங்கள் தம் அலுவலர்களுக்குப் பதவிக்கு ஏற்ப கார் கொடுத்த நாடு அது. காரின் பின்னால் இருந்த எழுத்தைப் பார்த்து உள்ளே இருப்பவரின் பதவியை மற்றவர்கள் கணித்தார்கள். அந்த வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஆனாலும் எழுத்தைப் பார்த்துப் படியைச் சொல்ல முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அது முடிந்தது. அம்பாசடர் மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்தது. எண் கூடினால் புதியது. தொண்ணூறுகளில் வந்த அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் என்ற பெயர் பார்வைக்குச் சிக்கலாக இருந்தாலும், 1800 சிசி கொள்ளளவு கொண்ட இசுசு இன்ஜின் உள்ளே இருக்கிறது என்ற செய்தியை முழுமையாகச் சொன்னது. மாருதியின் பழைய எழுத்து வரிசையையும் நான் நல்லதென்றே சொல்வேன். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்பதில் எல், வி, இசட் ஆகிய மூன்றும் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிலேயே ஏறுகின்றன. டீசல் கார்களில் அதே எழுத்துகள் எல்டிஐ, விடிஐ, இசட்டிஐ என்று மாறின; பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த 2020 ஏப்ரலோடு நிறுவனம் டீசல் கார்களை நிறுத்த, அவையும் நின்றன. கார்புரேட்டர் கார்களிலிருந்து இன்ஜெக்ஷன் கார்களைப் பிரித்துக் காட்ட வந்த கடைசி 'ஐ' இன்று எதையும் பிரித்துக் காட்டுவதில்லை என்றாலும், அதனால் தீங்கு எதுவும் இல்லை. ஆல்டோவிலிருந்து எர்டிகா வரை அந்த வரிசை மாறாமல் இருந்ததால், மெக்கானிக்குகளும் தரகர்களும் முதல் கார் வாங்கும் ஆசிரியர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பெயர்முறைக்கு அழகு தேவையில்லை, மாறாமல் இருந்தால் போதும் என்று நான் நினைப்பதற்கு இந்த மூன்று எழுத்துகளே காரணம்.

டாடா மோட்டார்ஸிடமும் அப்படி ஒரு வரிசை இருந்தது. எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட் என்று இ-யில் தொடங்கி இசட்-இல் முடிந்த அந்த வரிசையை யாரும் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். அதை விட்டுவிட்டு நிறுவனம் குணங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு மாறியது. 2021-இல் வந்த பஞ்ச் காரில் ப்யூர், அட்வென்ச்சர், அக்கம்ப்ளிஷ்ட், க்ரியேட்டிவ் என்பது கீழிருந்து மேலான வரிசை. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட நெக்ஸானில் ஸ்மார்ட், ப்யூர், க்ரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்பது வரிசை. பஞ்சில் அடிப்படியாக இருந்த ப்யூர் நெக்ஸானில் இரண்டாவது. பஞ்சில் உச்சமாக இருந்த க்ரியேட்டிவ் நெக்ஸானில் உச்சத்துக்குக் கீழே. அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்ட சஃபாரியில் உச்சம் அக்கம்ப்ளிஷ்ட், ஆனால் பஞ்சில் அது மூன்றாவது. அப்போது ஹேரியரில் உச்சம் ஃபியர்லெஸ். இவற்றோடு கூட்டல் குறியும், சன்ரூஃப் இருப்பதைக் காட்டும் 'எஸ்' எழுத்தும் சேரும்போது 'க்ரியேட்டிவ் ப்ளஸ் எஸ்' போன்ற பெயர்கள் உருவாகின்றன. அந்த 'எஸ்' மட்டும் தனக்குரிய வேலையை ஒழுங்காகச் செய்கிறது: அது இருந்தால் கூரையில் கண்ணாடி இருக்கும். மற்றச் சொற்கள் வாங்குபவரின் மனப்போக்கைப் பாராட்டுகின்றன. காரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அச்சமற்றவர் என்ற பட்டத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன், பின்பக்கக் கேமரா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒரு குடும்பத் தலைவர் விரும்புவார்.

கியா நிறுவனம் 2022-இல் கேரன்ஸ் காரை அறிமுகப்படுத்தியபோது அதன் அடிப்படி வேரியண்ட்டுக்கு ப்ரீமியம் என்று பெயர் வைத்தது. அதற்கு மேலே ப்ரெஸ்டீஜ், ப்ரெஸ்டீஜ் ப்ளஸ், லக்ஷுரி, லக்ஷுரி ப்ளஸ். 'ப்ரீமியம்தான் வேண்டும்' என்று கேட்டு வருபவருக்கு, இருப்பதிலேயே எளிய காரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தின் செல்டாஸில் எச்டிஇ, எச்டிகே, எச்டிஎக்ஸ், ஜிடிஎக்ஸ் என்ற எழுத்துகள். ஒரே நிறுவனத்தின் ஒரே ஷோரூமில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்களுக்கு இரண்டு வேறு மொழிகள்.

இவையெல்லாம் நேரத்தையும் பணத்தையும் வீணாக்குபவை. என்னை உண்மையில் கோபப்படுத்துவது அடைப்புக்குறிக்குள் வரும் 'ஓ' என்ற ஒற்றை எழுத்து, 'ஆப்ஷனல்' என்பதன் சுருக்கம். ஹூண்டாய் கிரெட்டாவில் எஸ்எக்ஸ் (ஓ) என்றால் எஸ்எக்ஸுக்கு மேலே இருக்கும் வேரியண்ட்; பல ஆண்டுகள் அதுவே வரிசையின் உச்சமாக இருந்தது. டாடா நெக்ஸானில் 2024-இல் ஸ்மார்ட் (ஓ) என்று ஒன்று வந்தபோது, அது வரிசையிலேயே விலை குறைந்ததாக வந்தது. இதற்கெல்லாம் முன்பு, மாருதியின் ஸ்விஃப்ட், ஆல்டோ போன்ற கார்களில் எல்எக்ஸ்ஐ (ஓ) என்ற வேரியண்ட் இருந்தது. அங்கே அந்த எழுத்தின் பொருள் ஏர்பேக். எல்எக்ஸ்ஐ வாங்கினால் ஏர்பேக் இல்லை, எல்எக்ஸ்ஐ (ஓ) வாங்கினால் உண்டு. ஆக, ஒரே எழுத்து ஓரிடத்தில் சொகுசையும், ஓரிடத்தில் சிக்கனத்தையும், ஓரிடத்தில் உயிர்க் காப்பையும் குறித்திருக்கிறது. ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறதா என்ற செய்தியை 'விருப்பத்துக்குரியது' என்ற தலைப்பின் கீழ் ஓர் எழுத்தாகச் சுருக்கி, அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்ட அந்தக் காலத்தில் கார் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் புரிந்து வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இது வெறும் ஊகமான கவலையன்று. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட சிறிய கார்கள் சிலவற்றை மோதல் சோதனைக்கு உட்படுத்தி முடிவுகளை வெளியிட்டது. ஏர்பேக் இல்லாத அடிப்படி வேரியண்ட்டுகளே சோதிக்கப்பட்டன. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ என்று எல்லாமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் பெற்றன. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோ தனியாகச் சோதிக்கப்பட்டது. அது நான்கு நட்சத்திரம் பெற்றது. சாலையில் போகும்போது பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் போலோதான். ஃபோக்ஸ்வாகன் ஏர்பேக் இல்லாத போலோவை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது, அது பாராட்டத்தக்கது. மற்ற கார்களுக்கு அரசு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாயிற்று. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2021 இறுதியில்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முன் விற்ற கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கைமாறிக்கொண்டும் இருக்கின்றன. பழைய கார் சந்தையில் அந்த அடைப்புக்குறி எழுத்து இன்றும் உயிர்ப்பொருள் உடையது.

வேரியண்ட் பெயர்கள் இப்படி என்றால், மாடல் பெயர்களே இடம் மாறும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. மாருதி 1999-லிருந்து விற்ற பலேனோ பின்னால் டிக்கி நீண்ட செடான். 2015-இல் வந்த பலேனோ டிக்கி குட்டையான ஹேட்ச்பேக். பெயரைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. விட்டாரா பிரெஸ்ஸா 2022-இல் வெறும் பிரெஸ்ஸா ஆயிற்று. அதே ஆண்டு க்ராண்ட் விட்டாரா என்று வேறொரு பெரிய கார் வந்தது. பிரெஸ்ஸாவை டொயோட்டா தன் முத்திரையில் 2020-இல் அர்பன் க்ரூஸர் என்று விற்றது. 2022-இல் க்ராண்ட் விட்டாராவின் இரட்டையர் அர்பன் க்ரூஸர் ஹைரைடர் என்று வந்தது. 2024-இல் ஃப்ரான்க்ஸின் இரட்டையர் அர்பன் க்ரூஸர் டைசர் என்று வந்தது. மூன்று வேறு சுசூகி கார்கள் அந்த ஒரே பெயரைச் சுமந்திருக்கின்றன. பலேனோவும் டொயோட்டாவின் க்ளான்ஸாவும் அடிப்படையில் ஒரே கார் என்று அறிந்து இரண்டையும் ஒப்பிட நினைப்பவர், சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபாவுக்கு எதிரே இ, எஸ், ஜி, வி என்ற எழுத்துகளை வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். க்ளான்ஸாவில் 'ஜி' என்பது மேலிருந்து இரண்டாவது. அதே டொயோட்டா ஷோரூமில் நிற்கும் இன்னோவா ஹைக்ராஸில் 'ஜி' என்பதுதான் தொடக்கம்.

இவற்றுள் எனக்கு மிகவும் நெருடலாகப் பட்டது ஹோண்டா சிட்டியின் கதை. 2020 ஜூலையில் ஐந்தாம் தலைமுறை சிட்டி வந்தபோது, 2014-லிருந்து விற்பனையில் இருந்த நான்காம் தலைமுறை சிட்டியும் நிறுத்தப்படாமல் பக்கத்திலேயே விற்கப்பட்டது. புதியதில் வி, விஎக்ஸ், இசட்எக்ஸ் என்ற வேரியண்ட்டுகள்; பழையதில் எஸ்வி, வி என்ற வேரியண்ட்டுகள். எனவே அந்தக் காலத்தில் 'சிட்டி வி' என்று ஒருவர் சொன்னால், நீளமும் இன்ஜினும் உட்புறமும் வேறு வேறான இரண்டு கார்களில் அது எதுவாகவும் இருக்கலாம். இரண்டுமே நல்ல கார்கள் என்பது என் கருத்து. ஆனால் இன்று அவற்றைப் பழைய காராக வாங்குபவர், தயாரிப்பு ஆண்டையும் வேரியண்ட்டையும் சரியாகக் கேட்டுக்கொண்டும்கூட, எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் தொலைபேசியை வைக்க நேரிடலாம்.

பழைய கார் சந்தையில்தான் இந்தப் பெயர்கள் அதிகமாக விலை பேசப்படுகின்றன. என் அக்காள் கணவர் ஒரு பழைய கார் வாங்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். "டாப் எண்ட் சார், எல்லாமே இருக்கு" என்றார் தரகர். அலாய் வீல் இருந்தது, பெரிய திரை இருந்தது, பின்கதவில் உச்ச வேரியண்ட்டின் எழுத்துகள் பளபளத்தன. ஆனால் முன்னிருக்கைப் பயணிக்கு எதிரே டாஷ்போர்டில் ஏர்பேக் என்ற எழுத்து இல்லை. பின்கண்ணாடியில் வைப்பரும் இல்லை. "அத்தான், ஆர்.சி.யைப் பார்த்துட்டுப் பேசலாம்" என்றேன். ஆர்.சி.யில் இருந்தது நடு வேரியண்ட்டின் பெயர். மற்றவை பின்னால் பொருத்தப்பட்டவை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு மதிய நேரத்தைச் செலவிட்டால் எந்தக் காரையும் வெளிப்பார்வைக்கு இரண்டு படி ஏற்றிவிடலாம். வாங்குபவர்களுக்கு வரிசை தெளிவாகத் தெரிந்திருந்தால், ஒவ்வொரு படியிலும் என்ன இருக்க வேண்டும் என்பதும் பொது அறிவாக இருந்திருக்கும். எழுத்துகளை மாற்றி ஒட்டுவதால் யாரும் பயன்பெற முடிந்திருக்காது. காப்பீட்டு நிறுவனமும் வேரியண்ட்டை வைத்தே காரின் மதிப்பைக் கணக்கிடுகிறது என்பதால், தவறான படியின் விலை கொடுத்து வாங்கியவருக்கு விபத்தில் கார் முழுதாகச் சேதமானால் சரியான படியின் தொகைதான் திரும்பி வரும்.

எண்களை வைத்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. மெர்சிடீஸின் ஏஎம்ஜி கார்களில் வரும் 63 என்ற எண் 6.2 லிட்டர் இன்ஜினோடு தொடங்கி, 5.5 லிட்டருக்கும் 4 லிட்டருக்கும் நகர்ந்து, 2022-இல் வந்த சி 63-இல் மின்மோட்டாரோடு சேர்ந்த 2 லிட்டர் இன்ஜினில் வந்து நிற்கிறது. ஆனால் எண்ணை ஒழுங்காகப் பயன்படுத்தவும் முடியும் என்பதற்கு மஹிந்திரா எக்ஸ்யூவி 500 நல்ல எடுத்துக்காட்டு. டபிள்யூ 4, 6, 8, 10 என்று இரட்டை எண்களில் ஏறிய அந்த வரிசை, 2018-இல் கார் புதுப்பிக்கப்பட்டபோது டபிள்யூ 5, 7, 9, 11 என்று ஒற்றை எண்களுக்கு மாறியது. எண் கூடினால் மேல்படி. ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் புதியதா பழையதா என்பதும் தெரியும். இவ்வளவு செய்தியை இரண்டே குறிகளில் அடக்கிய பெயர்முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த தார் ராக்ஸில் எம்எக்ஸ் 5, ஏஎக்ஸ்3 எல் என்று இரண்டு எழுத்து வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன. அவற்றில் எது மேலே என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கும்போது பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த ஒப்பீட்டுப் பக்கங்களை நானும் பயன்படுத்துகிறேன். நூறு வரிகளுக்கு மேல் நீளும் அந்த அட்டவணையில் கப் வைக்கும் இடமும் குழந்தை இருக்கைக்கான கொக்கியும் ஒரே அளவு எழுத்தில், ஒரே பச்சைக் குறியோடு வருகின்றன. எது இல்லாவிட்டால் பரவாயில்லை, எது இல்லாவிட்டால் வாங்கக் கூடாது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அட்டவணை உதவும். அது தெரியாதவர் திரும்பவும் பெயரைத்தான் நம்புகிறார், அல்லது பெயரை விளக்குகிற விற்பனையாளரை நம்புகிறார்.

இப்போதெல்லாம் யாருடனாவது ஷோரூமுக்குப் போனால், வேரியண்ட் பெயர்களைப் பேச்சில் கொண்டுவர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படி வேரியண்ட்டின் பட்டியலை வாங்கி, ஏர்பேக் எத்தனை, இஎஸ்சி எனப்படும் சறுக்கல் தடுப்பு உண்டா, பின்னிருக்கையின் மூன்று இடங்களுக்கும் மூன்று முனை சீட் பெல்ட் உண்டா, குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் உண்டா என்று நான்கையும் பார்க்கிறோம். இல்லாதது எதுவோ அது எந்தப் படியில் வருகிறது என்று கேட்டு, அங்கேயிருந்து பேச்சைத் தொடங்குகிறோம். முன்பதிவுப் படிவத்திலும் பில்லிலும் வேரியண்ட்டின் முழுப் பெயரும், கூட்டல் குறியும் அடைப்புக்குறி எழுத்தும் உட்பட, எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டச் சொல்கிறேன். நிறுவனங்கள் தம் பெயர்களை வைத்துக்கொள்ளட்டும்; சிக்மா என்றோ ஃபியர்லெஸ் என்றோ எப்படி வேண்டுமானாலும் அழைக்கட்டும். விலைப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கீழிருந்து எண்ணிய படி எண்ணையும், அதற்கு அடுத்த வரியில் இந்த நான்கு செய்திகளையும் அச்சிட வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதி கொண்டுவந்தால் போதும். விலை அச்சிடும் அதே தாளில் அதற்கு இடம் இருக்கிறது.